மீசைக்குள் போன கேள்வி

தறிக்கூடத்தில் அவளுக்குச் சிரிச்சமூஞ்சி என்று பேர். என்ன சொன்னாலும் சிரிப்பாள், அதனால் வந்த பேர். மேஸ்திரி திட்டினாலும் சிரிப்பு. சாப்பாட்டு நேரத்தில் யாராவது தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுதாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக அதைத் துடைத்துக்கொள்வாள். நல்ல குணம் என்று எல்லோரும் சொன்னார்கள். குணமாவது மண்ணாவது. காது கேட்காததை மறைத்து வைத்திருக்கும் பெண் வேறு என்னதான் செய்வாள்?

காது ஒரே நாளில் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் படுத்தால் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச காலத்தில் அந்தத் தறி மட்டும் மிச்சமாகி மற்றதெல்லாம் நின்றுபோனது. குழாயில் தண்ணீர் சொட்டுவது போனது, கதவு தட்டுவது போனது, கடைசியில் அவளுடைய குரலே அவளுக்குப் போனது. ஆனால் தறிக்கூடத்துக்குள் இது ஒரு குறையே இல்லை. இரும்பும் மரமும் அடித்துக்கொள்ளும் அந்த இரைச்சலில் யாருக்குத்தான் என்ன கேட்கும்? வாய்விட்டுப் பேசுகிறவன் அங்கே முட்டாள். எல்லோரும் குரலே இல்லாமல் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசிக்கொள்வார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் நிற்பவளிடம் மேஸ்திரியைப் பற்றிப் புறணி பேசலாம். நடுவில் நிற்கும் மேஸ்திரி திரும்பிப் பார்க்காதவரை பயமில்லை.

தறி பழுது பார்க்கும் பிட்டர் அவளிடம் மனசைத் திறந்ததும் அப்படித்தான். தறிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு, உதட்டை மட்டும் அசைத்து, “உன்னையே கட்டிக்கலாம்னு இருக்கேன்” என்றான். அவள் சிரித்தாள். அந்தத் தடவை புரிந்துதான் சிரித்தாள்.

வெளியே வந்தால்தான் வம்பு. தெருவில் சேர்ந்து நடக்கும்போது அவள் அரை அடி முன்னால் போய், முகத்தை அவன் பக்கம் திருப்பியபடியே வருவாள். எதிரே வருகிறவர்கள் மேல் மோதுவாள். ஒரு தடவை விளக்குக் கம்பத்தில் முட்டி நெற்றி வீங்கியது. “என் மூஞ்சியிலேர்ந்து கண்ண எடுக்கமாட்டாடா” என்று அவன் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டான். அவள் பார்த்தது அவனுடைய வாயை என்று எப்படிச் சொல்வாள்?

சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. மில்லில் ஒரு சட்டம்: சங்கு காதில் விழாதவர்கள் இயந்திரத்தின் பக்கம் நிற்கக் கூடாது. நின்றுபோன தறியைத் திரும்ப ஓட்டப் போகிறோம் என்றால் முதலில் சங்கு ஊதுவார்கள். ஒரு தடவை மூன்றாம் வரிசையில் ஒருத்திக்கு அது கேட்கவில்லை. கையை உள்ளே விட்டபடி நின்றாள். பிட்டர் பாய்ந்து இழுத்ததால் கை மிஞ்சியது. அன்றைக்கே அவன் மேலே போய்ச் சொல்லிவிட்டான். அவளைக் கழிவுப் பஞ்சுக் கிடங்குக்குத் தள்ளினார்கள். தூசி, இருமல், பாதிக் கூலி. “அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். செவிட மறைச்சுக்கிட்டுத் தறில நிக்கறது தற்கொலைக்குச் சமம்” என்று அவன் சொன்னபோது, சிரிச்சமூஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. மில் டாக்டர் வைக்கும் காதுச் சோதனையில் நர்ஸம்மாவின் தோளைப் பார்த்துத்தான் அவள் பொத்தானை அமுக்குவாள். கருவியை அமுக்க அந்தத் தோள் இறங்கினால் சத்தம் வந்திருக்கிறது என்று கணக்கு. சங்கு ஊதும்போது குண்டூசி என்று பேர் வாங்கிய பக்கத்துத் தறிக்காரி, நூல் தீர்ந்த ஒரு கட்டையைத் தூக்கி அவள் முதுகில் எறிவாள். உலகத்தில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அந்தக் குண்டூசிதான்.

போதாததற்குப் பிட்டரின் அம்மா. அவள் புருஷனும் அதே மில்லில் தறி ஓட்டிக் காதைத் தொலைத்தவர். செத்துப் பல வருஷம் ஆகியும் அந்த அம்மாவுக்கு ஆத்திரம் ஆறவில்லை. “ஒரு செவிடனோட குடும்பம் நடத்தி என் தொண்டையே போச்சும்மா. எங்க வீட்டு ரகசியம் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கெல்லாம் தெரியும், அந்த மனுஷனுக்கு மட்டும் தெரியாது! இனிமே இந்த வீட்ல யார்கிட்டயும் ஒரு வார்த்தைய ரெண்டாவது வாட்டி சொல்றதா இல்ல” என்று முதல் சந்திப்பிலேயே சொன்னாள். சிரிச்சமூஞ்சிக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. செவிடனோடு பேசிப் பேசி அந்த அம்மாவின் உதடு அவ்வளவு திருத்தமாகத் திறக்கும். இப்படிப்பட்ட வாயிலிருந்தா இந்த வார்த்தை வரவேண்டும் என்று நினைத்தபடி அவள் சிரித்துவைத்தாள்.

கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் முன்னால் பதிவாளரைப் பார்க்கவேண்டியிருந்தது. கல்யாணம் செய்துவைக்க அரசாங்கத்தில் உரிமம் வாங்கியவர்கள் அந்த ஊரில் பல பேர் இருந்தார்கள்; பிடித்தவரை அமர்த்திக்கொள்ளலாம். பிட்டர் கூட்டிப்போன முதல் ஆள் பல் போன கிழவர், உதடு உள்ளே மடிந்து கிடந்தது. வேண்டாம் என்றாள். இரண்டாமவர் பேசும்போதெல்லாம் காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவரும் வேண்டாம். “மாப்பிள்ளைய ஒரே பார்வையில ஓகே பண்ணிட்ட. கையெழுத்து வாங்கற ஆளுக்கு இவ்வளவு தேர்வா?” என்று பிட்டர் கேலி செய்தான். அடுத்தது ஓர் அம்மா. முன்னாளில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவளாம். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கடித்துத் துப்பினாற்போல் பேசினாள். சிரிச்சமூஞ்சி உடனே தலையாட்டினாள்.

அந்த அம்மா எல்லாவற்றையும் விளக்கினாள். இருவருக்கும் வயது வந்திருக்கவேண்டும். உறவில்லாத ஒருவராவது சாட்சியாக வேண்டும். இன்னார் இன்னாரைக் கட்டப் போகிறார் என்று அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டவேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம். கெடு முடிவதற்குள் கல்யாணம் நடந்துவிடவேண்டும், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. அன்றைக்குச் சாட்சிகளுக்கு எதிரில் நான் கேட்பேன், நீங்கள் வாயால் பதில் சொல்லவேண்டும், தலையாட்டினால் செல்லாது. “முதல்ல, சொந்த விருப்பத்துலதான் வந்திருக்கீங்களான்னு கேப்பேன். அடுத்தது, வேற கல்யாணம் எதுவும் நடப்புல இருக்கான்னு. அப்புறம், கட்டக்கூடாத ரத்த உறவா நீங்கன்னு. கடைசியில சம்மதமான்னு.”

சிரிச்சமூஞ்சி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆமாம், இல்லை, இல்லை, சம்மதம். தறியின் அடி மாதிரி அதற்கு ஒரு தாளம் வந்துவிட்டது. நூல் கோக்கும்போதும் ஆமாம் இல்லை இல்லை சம்மதம். சோறு தின்னும்போதும் அதுதான். கேள்வி நடக்கும்போது அந்த அம்மாவின் முதுகுப்பக்கம் போய் நின்று உதட்டால் கேள்வியைத் திரும்பச் சொல்வதாகக் குண்டூசியும் வாக்குக் கொடுத்தாள். “பயப்படாதடி. பரீட்சைக்கு பிட்டு அடிக்கற மாதிரிதான். மாப்பிள்ளையே பிட்டர்தானே!”

கல்யாணத்தன்று, சைக்கிள் கடைக்கு மேலே இருந்த பதிவாளர் அறைக்குள் மணமக்களும் பிட்டரின் அம்மாவும் குண்டூசியும் நுழைந்தபோது மேசைக்குப் பின்னால் அந்தப் பள்ளிக்கூடத்து அம்மா இல்லை. ஒரு மீசை உட்கார்ந்திருந்தது.

ஆளைவிட மீசைதான் முதலில் தெரிந்தது. மேலுதட்டை முழுதாக மூடி, கீழுதட்டிலும் பாதியை விழுங்கி, ஓட்டுக்கூரை மாதிரி சரிந்து கிடந்தது. கூரை லேசாக ஆடியது, பேசுகிறார் போலிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிட்டர் அவள் பக்கம் திரும்பினான். “அந்தம்மா படியில வழுக்கிக் கால ஒடச்சுக்கிட்டாங்களாம். இவரை அனுப்பியிருக்காங்க. இவருக்கும் உரிமம் இருக்கு.”

சிரிச்சமூஞ்சி ஓர் அடி பின்னால் போனாள். “இன்னொரு நாள் வெச்சுக்கலாமே” என்றாள்.

“கெடு இன்னியோட முடியுது. மறுபடி பலகையில ஒட்டி, மறுபடி காத்துக் கிடக்கணும்.”

“ஏம்மா, மீசை புடிக்கலையா?” என்றாள் அவன் அம்மா. “நீ கட்டிக்கப் போறது என் மவனையா, அவரு மீசையவா?”

குண்டூசி மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல நகர்ந்து மேசைக்குப் பின்பக்கம் போகப் பார்த்தாள். மீசைக்காரர் கையை நீட்டி, மணமக்களுக்குப் பின்னால் இருந்த இரண்டு நாற்காலிகளைக் காட்டினார். சாட்சிகள் அங்கேதான் உட்காரவேண்டுமாம். குண்டூசியும் மாமியாரும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்கள். சிரிச்சமூஞ்சிக்கு எதிரில் இனி மீசை ஒன்றுதான்.

முதலில் பிட்டரைக் கேட்டார். அவன் பக்கவாட்டில் இருந்ததால் அவன் வாய் சரியாகத் தெரியவில்லை. அவன் உதடு அசைந்து நின்றது, அசைந்து நின்றது. அவள் மனசுக்குள் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், இல்லை, இல்லை, சம்மதம். உள்ளங்கை வேர்த்து ஒழுகியது. இந்த நாலு வார்த்தை போதும், அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சிரித்தே சமாளித்துவிடலாம்.

மீசை அவள் பக்கம் திரும்பியது. ஆடியது. நின்றது.

“ஆமாம்” என்றாள், பளிச்சென்று.

மீசைக்காரரின் புருவம் இரண்டும் மேலே போயின. பிட்டர் விருட்டென்று திரும்பினான். அவன் உதட்டில் “என்னது?” என்று தெரிந்தது. அவள் நாற்காலியைப் பின்னாலிருந்து யாரோ உதைத்தார்கள், குண்டூசியின் கால்தான். தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்து அம்மா இரண்டாவதாகக் கேட்பதாகச் சொன்னதை இந்த ஆள் முதலில் கேட்டிருந்தார்: வேறு கல்யாணம் எதுவும் நடப்பில் இருக்கிறதா?

மீசைக்காரர் முன்னால் சாய்ந்து மறுபடி கேட்டார். பாவம், மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டாலும் கூரை கூரைதானே. அவளுக்குப் போவதற்கு வேறு வழி இல்லை. தாளத்தின் அடுத்த அடிக்குப் போனாள்.

“இல்லை.”

அறை கொஞ்சம் தளர்ந்தது. பிட்டர் நெற்றியைத் துடைத்தான். குண்டூசி ஏதோ சமாளித்திருக்கவேண்டும், ‘பயத்துல ஒளர்றா சார்’ என்கிற மாதிரி, ஏனென்றால் மீசைக்காரர் அவளைத் தாண்டிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அடுத்த கேள்வி. இப்போது அவர் கேட்டது, சொந்த விருப்பத்தில்தான் வந்திருக்கிறீர்களா என்று.

“இல்லை” என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

யாரும் அசையவில்லை. சத்தம் இல்லாத உலகத்தில் இருக்கிறவளுக்கு அமைதி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மீசைக்காரர் பேனாவை மூடினார். புத்தகத்தை மூடினார். எழுந்து, பக்கத்து அறையின் கதவைத் திறந்து, அவளை மட்டும் உள்ளே வரும்படி சைகை காட்டினார். பிட்டரும் எழுந்தான்; அவனை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

விருப்பமில்லை என்று ஒருவர் வாயால் வந்துவிட்டால் பதிவாளர் அவரைத் தனியாக விசாரிக்கவேண்டும் என்பது சட்டம். அது அவளுக்குத் தெரியாது. அந்த அறையில் அலமாரியும் இரண்டு நாற்காலியும் இன்னொரு கதவும் இருந்தன. கதவு சாத்தப்பட்டதும் அவளுக்குப் போலீஸ் ஞாபகம்தான் வந்தது. மீசைக்காரர் எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கரிசனமாக ஏதோ கேட்டார்: யாராவது உங்களை மிரட்டிக் கூட்டிவந்திருக்கிறார்களா?

அவளிடம் மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை.

“சம்மதம்” என்றாள்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு எதையாவது குடிக்கக் கொடுத்துவிட்டார்களோ, இல்லை புத்தி சுவாதீனம் இல்லையோ என்று அவர் நினைப்பது முகத்திலேயே எழுதியிருந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டியபடி போனை எடுத்து எண்களை அழுத்தினார்.

அந்தப் போன் யாருக்குப் போகிறது? பிட்டரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால்? தன் ஒரு பொய்யால் அவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால்?

“ஐயா!” என்று கத்தினாள். “எனக்குக் காது கேக்காது!”

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. தொண்டை அதிர்ந்தது மட்டும்தான் தெரிந்தது.

மீசைக்காரர் போனைக் கீழே வைத்தார். திரும்பி வந்து ஏதோ கேட்டார். அவள் தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினாள். “மீசை மறைக்குதுய்யா. வாய் தெரியல.”

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு இரண்டு விரலால் மீசையின் இரு பக்கத்தையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“யாருக்கும் தெரியாதுய்யா.”

“மாப்பிள்ளைக்கு?”

இல்லை என்று தலையாட்டினாள்.

மீசையைப் பிடித்த விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன, மறுபடி தூக்கினார். “இதப் பாருங்கம்மா. கேக்காதது தப்பில்ல. கேட்டது புரியாமப் பதில் சொன்னா அது கல்யாணமே இல்ல, நாளைக்கு ஒண்ணுமில்லாமப் போயிடும். புரியவைக்க ஒரு ஆளை வெச்சுத்தான் நான் கேக்கணும். சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. எதுக்காக அந்த ஆள்னு எல்லாருக்கும் சொல்லித்தான் ஆகணும்.”

“சொல்லலேன்னா?”

அவர் அந்த இன்னொரு கதவைக் காட்டினார். “அது பின்படி. இஷ்டமில்லாம வந்தவங்களுக்காக இருக்கு. நீங்க போயிடலாம். மனசு மாறிடுச்சுன்னு மட்டும் நான் வெளிய சொல்லுவேன். காரணம் யாருக்கும் சொல்லமாட்டேன், அது சட்டம்.”

அவள் அந்தக் கதவைப் பார்த்தாள். திறந்து இறங்கினால் போதும். ரகசியம் இருக்கும், தறி இருக்கும், கூலி இருக்கும். பிட்டர் மட்டும் இருக்கமாட்டான். இந்தப் பக்கம் போனால் பிட்டரும் இருப்பானா என்று நிச்சயம் இல்லை. தறி போவது நிச்சயம். எந்தப் பக்கம் பார்த்தாலும் பள்ளம்தான். ஆனால் அவனைக் காரணம் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடினால், தனக்கு என்ன குறை என்று சாகும்வரை தேடிக்கொண்டிருப்பானே. தன் குறையை அவன் தலையில் கட்டிவிட்டுப் போவதா?

வந்த கதவையே திறந்தாள்.

மூன்று முகங்களும் அவள் மேல் பாய்ந்தன. அவள் பிட்டருக்கு நேர் எதிரில் போய் நின்றாள். “எனக்குக் காது கேக்காது. தறில சேந்த கொஞ்ச நாள்லயே போச்சு. மறைச்சுட்டேன்.”

அவன் முதலில் சிரித்தான். “விளையாடாத.” பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான்.

சோதித்துப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பவேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எதிரில் குண்டூசியின் கண் நிறைந்து வழிந்தது. மாமியாரின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அவன் பின்னாலிருந்து கூப்பிடுகிறான். மறுபடி கூப்பிடுகிறான். அதை அவளால் எதிரில் இருந்த இரண்டு முகங்களில்தான் கேட்க முடிந்தது.

அவன் திரும்ப முன்னால் வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“அப்ப என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வருவியே, அது?”

“வாயப் பாத்தேன்.”

“வாயும் மூஞ்சிலதானே இருக்கு, வேற எங்க இருக்கு?” என்று குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடுவில் விழுந்தாள்.

“நீ சும்மா இரு. உனக்குத் தெரியும், இல்ல? உனக்கு மட்டும் தெரியும்!” அவன் திரும்பவும் சிரிச்சமூஞ்சியிடம் வந்தான். அவன் உதடு நடுங்கியதில் வார்த்தைகள் கலைந்து கலைந்து வந்தன. “சங்க ஊதிட்டுத் தறிய ஓட்டி விடறது யாரு? நான்தானே? எத்தன வாட்டி ஒன் தறிய ஓட்டியிருக்கேன்? ஒன் கை உள்ள இருந்திருந்தா? அடிப்பாவி, என் கையாலயேடி…”

கோபம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கோபம் இல்லை. தன்னைப் போலவே அவனும் பயத்தில் நடுங்குகிறான் என்று கண்டபோது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மீசைக்காரர் மேசையைத் தட்டியிருக்கவேண்டும், எல்லோரும் திரும்பினார்கள். குண்டூசியைக் கூப்பிட்டு அவள் முன்னால் நிறுத்தினார். இரு தரப்பும் சொல்வதை உள்ளது உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் வாங்கினார். சாட்சிக்கு ஆள் குறைந்ததால் கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரர் கையைத் துடைத்தபடி ஏறி வந்தார். பிட்டரைப் பார்த்து மீசை ஏதோ சொன்னது. குண்டூசி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தறிக்கூடத்துப் பாணியில் உதட்டைப் பெரிதாகத் திறந்து அதைச் சொன்னாள்: “மறைச்சதுக்காக உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லலாம், ஒரு தப்பும் இல்லன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்றாரு.”

கேள்விகள் மறுபடி தொடங்கின. இந்தத் தடவை அவளுக்குத் தாளம் வேண்டியிருக்கவில்லை. விருப்பத்துடன் வந்தீர்களா, ஆமாம். வேறு கல்யாணம், இல்லை. ரத்த உறவு, இல்லை. “சம்மதமான்னு கேக்கறார்டி.” சம்மதம் என்றாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று தெரியவில்லை. சைக்கிள் கடைக்காரர் நாற்காலியில் துள்ளினார்.

பிறகு அவனுடைய முறை. முதல் கேள்விகளுக்கு அவன் நேரே பார்த்துப் பதில் சொன்னான். கடைசிக் கேள்வி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அவனுடைய உச்சந்தலைதான் தெரிந்தது. வாய் எங்கேயோ கீழே, தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சொல்லிவிட்டானா? சொல்லவில்லையா? குண்டூசியைப் பார்த்தாள். குண்டூசியின் உதடு மூடியே இருந்தது.

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல.”

இன்னும் கொஞ்ச நேரம். அவளுக்கு உள்ளே ஓடும் தறிகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

“ம்-னு சொன்னார்” என்றாள் குண்டூசி. “செல்லாது, வாயால சொல்லணும்னு சார் சொல்றார்.”

பிட்டர் நிமிர்ந்தான். பதிவாளரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து உதட்டை அகலமாகத் திறந்து அசைத்தான். சம்மதம். மீசை ஆடியது, தன் காதைத் தொட்டுக் காட்டினார் அவர்.

“எதுவும் கேக்கலயாம் சாருக்கு” என்றாள் குண்டூசி.

“எனக்குக் கேட்டுச்சு” என்றாள் சிரிச்சமூஞ்சி.

“உனக்குக் கேட்டா போதாதாம். சட்டப்படி அவருக்கும் கேக்கணுமாம். யோவ் பிட்டரு, கொரலக் கொஞ்சம் வெளிய எடு!”

அவன் எடுத்தான் போலிருக்கிறது, ஏனென்றால் பேனா திறந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். பேனாவைக் கீழே வைத்ததும் பிட்டர் அவள் எதிரில் வந்து நின்று, கண்டிப்பாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்: “திங்கக்கிழமை நீ தறிப் பக்கமே வரக் கூடாது. நானே மேல போய்ச் சொல்லிடுவேன்.”

“கிடங்குக்குத் தள்ளிடுவாங்க.”

“தள்ளட்டும். கை இருக்கும்ல.”

பஞ்சுத் தூசியும் இருமலும் கண் முன்னால் வந்து நின்றன. வந்த பயம் போய்விடவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அவன் கையைப் பிடித்தாள். அதுவும் ஈரமாக இருந்தது.

உண்மை வெளியே வந்ததிலிருந்து மாமியார் ஒரு வார்த்தை அவளிடம் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு ஒரு தடவை குலுங்கியது. ஏதோ சொல்கிறாள்.

“அத்தை என்ன சொல்றாங்க?” என்று அவள் குண்டூசியைக் கேட்டாள்.

குண்டூசி தயங்கினாள். “சத்தியம் வாங்கிட்டாங்க, இல்லேன்னா சொல்லமாட்டேன். ‘போச்சு, இனிமே இவளத் திட்டணும்னாக்கூட எதிர்ல போய் நின்னு வாயத் தொறந்து திட்டணும், தலையெழுத்து’ங்கறாங்க.”

சிரிச்சமூஞ்சி நாற்காலிகளைச் சுற்றிப் போய், ஜன்னலுக்கும் அத்தைக்கும் நடுவில் புகுந்து, வெளிச்சம் அத்தையின் முகத்தில் விழும்படி ஒதுங்கி நின்றாள்.

“சொல்லுங்கத்த” என்றாள்.